நிறுவியவர் தேடியது எங்கே போனது? தற்காப்புக் கலைகளின் தேய்வு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகள் கராத்தேயும், அதன் பிறகு ஜூடோவும் பயின்றவன் நான். பயிற்சி முடிந்து பட்டையை அவிழ்க்கும் நேரத்தில் மாணவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. "இதெல்லாம் உண்மையில் உதவுமா?" என்று தொடங்கி, "ஆரம்பத்திலும் இப்படித்தான் இருந்ததா?" என்று போகும். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

கலை தேய்ந்துவிட்டது என்கிறார்களே, தேய்வது எது?

உத்திகள் தேய்வதில்லை, தலைமுறைக்குத் தலைமுறை அவை பெருகத்தான் செய்கின்றன. தேய்வது, அந்த உத்திகள் பலிக்கின்றனவா என்று பார்த்த முறை.

ஜூடோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் 12 பாய்கள் விரித்த இடத்தில் அதன் நிறுவனர் ஜிகோரோ கானோ கற்பிக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. அவர் கற்பித்த வீச்சுகளும் பிடிகளும் பெரும்பாலும் அவர் பயின்ற ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியக் கைச்சண்டைக் கலையின் இரண்டு மரபுகளில் ஏற்கெனவே இருந்தவை. கண்ணைக் குத்துவது, விரலை முறிப்பது போன்றவை அவரிடம் கட்டாப் பயிற்சிக்குள், அதாவது முன்கூட்டியே வகுத்த அசைவு வரிசைகளுக்குள் மட்டும் நின்றன. வீசுதல், அமுக்கிப் பிடித்தல், கழுத்தை நெரித்தல் போன்ற, கவனத்தோடு செய்தால் ஆளை முடமாக்காத உத்திகளை ராண்டோரிக்கு வைத்துக்கொண்டார். ராண்டோரி என்றால் இருவரும் விட்டுக்கொடுக்காமல் மோதும் கட்டற்ற பயிற்சி.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். அவருடைய மாணவன் அன்றாடம், விழ மறுக்கும் ஒருவனை விழவைக்கப் பழகினான். எதிராளி நழுவுவான், தள்ளுவான், ஏமாற்றுவான். கொடிய உத்தி ஐம்பதைக் காற்றில் செய்து பழகியவனைவிட, எளிய வீச்சு ஐந்தை இப்படி ஆயிரம் முறை செய்தவன் ஆபத்தானவன். கானோவின் உண்மையான கண்டுபிடிப்பு இதுதான் என்பேன். "ஆற்றலை மிகச் சிறந்த வழியில் செலவிடு" என்ற அவருடைய கொள்கைக்கு உயிர் கொடுத்தது இந்தப் பயிற்சி முறை. கொள்கையைச் சுவரில் எழுதி மாட்டிவிட்டு முறையைக் கைவிட்டால் சட்டகம் மட்டுமே மிஞ்சும்.

இது இந்தக் காலத்துப் புகார்தானே?

இல்லை, மிகப் பழையது. 16ஆம் நூற்றாண்டில் கடற்கொள்ளையரை எதிர்த்துப் போரிட்ட சீனத் தளபதி ச்சி ஜிகுவாங், தம் படைப்பயிற்சிக் குறிப்புகளில் "பூவேலை" அசைவுகளைக் கடுமையாகச் சாடினார். பார்வையாளருக்கு அழகாக இருக்கும் அசைவு களத்தில் வீரனைக் கொன்றுவிடும் என்பது அவருடைய கவலை.

ஜப்பானில் தோகுகவா ஆட்சியின் நீண்ட அமைதிக் காலத்திலும் இதே கதைதான். போர் இல்லாத நாட்டில் வாட்பயிற்சி அலங்காரமாக மாறியது; அதையும் அன்றைய மக்கள் "பூ வாள்வீச்சு" என்றே குறைசொன்னார்கள். அதற்கு மருந்தாக 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகானுமா என்ற வாளாசிரியர் மூங்கில் வாளையும் உடற்கவசத்தையும் பயிற்சிக்குள் கொண்டுவந்தார். அப்போதுதான் ஒருவரையொருவர் உண்மையாகவே அடித்துப் பழக முடிந்தது. கெண்டோ என்ற இன்றைய வாட்கலை அதிலிருந்து வளர்ந்தது. பிறகு கெண்டோவிலேயே வாள் வெட்டும் விதத்துக்கும் மூங்கில் புள்ளி எடுக்கும் விதத்துக்கும் இடைவெளி விழுந்தது. ஒரு நோய்க்கு வந்த மருந்து இன்னொரு நோயைக் கொண்டுவரும் இந்தக் கதை அநேகமாக எல்லாக் கலைகளிலும் இருக்கிறது.

கராத்தேயில் என்ன நடந்தது?

இதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன். என் இளமை அதில்தான் போனது.

ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவாத் தீவில் கராத்தே, தெருவில் ஒரு முரடன் சட்டையைப் பிடித்தால் தப்புவதற்கான கலையாக இருந்தது. பிடிப்பது, இழுப்பது, முழங்கையால் அடிப்பது, கீழே தள்ளுவது எல்லாம் அதில் சேர்த்தி. 1901 அளவில் கராத்தே ஆசிரியர் அங்கோ இடோசு அதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனார். முற்றத்தில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும். ஆகவே அசைவுகள் எளிமையாயின, எண்ணிக்கைக்கு ஏற்ப எல்லாரும் ஒன்றாகச் செய்தார்கள். பினான் என்ற ஐந்து கட்டாக்களும் அந்த நோக்கத்துக்காக அவர் அமைத்தவை. அசைவுக்குப் பின்னால் இருந்த பிடியையும் முறிப்பையும் குழந்தைகளுக்கு விளக்கிச் சொல்வது பொறுப்பான ஆசிரியர் செய்யும் செயலும் அல்ல.

இடோசு தாம் செய்வது என்ன என்று அறிந்தே செய்தார். 1908இல் அவர் எழுதிய பத்துக் குறிப்புகளில், கராத்தே ஒற்றைக்கு ஒற்றை மோதும் போட்டிக்கானது அன்று என்ற கருத்து இருக்கிறது. உடல்நலத்துக்காகப் பயில்கிறாயா, நடைமுறைப் பயனுக்காகப் பயில்கிறாயா என்று முடிவுசெய்துகொள் என்ற அறிவுரையும் இருக்கிறது. அந்தக் குறிப்பு பின்வந்தவர்களின் கைக்கு வந்துசேரவில்லை. பள்ளி வடிவம் மட்டும் வந்துசேர்ந்தது. 1922இல் இடோசுவின் மாணவர் ஃபுனாகோஷி டோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டியபின் அது பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது. இளைஞர்களுக்கு மோதிப் பார்க்கும் ஆசை. ஃபுனாகோஷிக்கு அதில் விருப்பமில்லை. அவர் 1957 ஏப்ரலில் மறைந்தார். அதே ஆண்டின் பிற்பகுதியில் ஜப்பான் கராத்தே சங்கத்தின் முதல் தேசியப் போட்டி நடந்தது.

போட்டியில் இருவரும் எட்டி நின்று பாய்ந்து குத்துகிறார்கள். கட்டாவிலோ, முன்கையோடு முன்கை உரசும் நெருக்கத்துக்கான அசைவுகள். இந்த இரண்டையும் ஒரே வகுப்பில் கற்கும் மாணவனுக்கு ஒன்று மற்றொன்றோடு பொருந்தவே பொருந்தாது.

ஓர் உதாரணம். குத்தும்போது மறு கை இடுப்புக்கு இழுக்கப்படும். ஏன் என்று என் முதல் ஆசிரியரிடம் கேட்டேன். "குத்தில் விசை கூடும்" என்றார். அவருடைய ஆசிரியரும் அவருக்கு அதைத்தான் சொல்லியிருந்தார். குத்துச்சண்டை வீரர்கள் அந்தக் கையைத் தாடையருகே வைத்துக்கொண்டும் விசையோடு குத்துகிறார்களே என்ற சந்தேகம் என்னை விடவில்லை. பிறகு ஜூடோ பயிலும்போது எதிராளியின் சட்டைக்கையைப் பற்றி என் இடுப்புக்கு இழுத்தேன். அவர் எடை முழுவதும் ஒரு காலுக்கு வந்து, முகம் என் மறு கைக்கு நேராக வந்து நின்றது. அந்தக் கணத்தில் புரிந்தது: இடுப்புக்குப் போகும் கை வெறுங்கை அன்று, அது எதையோ பிடித்திருக்கும் கை. பத்தாயிரம் முறை காற்றை இழுத்திருக்கிறேன் என்று அன்று இரவு மனம் கனத்தது.

அப்படியானால் கட்டா வீண்தானா?

கட்டா ஒரு நினைவுக்குறிப்பு. பாடத்தை அறிந்தவருக்கு அது உதவும். பாடத்தையே கேட்காதவருக்கு வெறும் தலைப்புகளாக இருக்கும். ஒகினாவாவின் சோகி மோடோபு, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு கியோட்டோவில் வெளிநாட்டுக் குத்துச்சண்டை வீரர் ஒருவரை வீழ்த்தியவர். அவர் நைஹான்சி என்ற ஒரே கட்டாவை வாழ்நாள் முழுவதும் தோண்டிக்கொண்டிருந்தார். அதிலிருந்து எடுத்ததை ஆட்களோடு நெருக்கத்தில் மோதிப் பார்த்தார். முப்பது கட்டாக்கள் தெரியும் என்பது எனக்கு ஒரு தகுதியாகப் படவில்லை. ஒரு கட்டாவில் உள்ள நாலு அசைவை, மறுக்கும் எதிராளி மீது செய்துகாட்ட முடிந்தால் அதுவே போதும்.

போட்டி விளையாட்டுதான் எல்லாவற்றையும் கெடுத்ததா?

பாதி உண்மை. போட்டி, மறுக்கும் எதிராளியைத் தருகிறது. அந்த வரத்தைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வராது. சிக்கல் விதிகளில் தொடங்குகிறது. விதி எதற்குப் புள்ளி தருகிறதோ அதை நோக்கி உடல்கள் தாமாகவே நகரும்.

கானோவின் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் பயின்ற இடத்தில் ஃபுகுஷிமா என்ற கனத்த மாணவர் இருந்தார். அவரை எந்த வீச்சாலும் அசைக்க முடியவில்லை. கானோ நூலகத்துக்குப் போய் மேற்கத்திய மல்யுத்தம் பற்றிப் படித்து, எதிராளியின் காலுக்குள் கைவிட்டுத் தோளின்மேல் ஏற்றி வீசும் முறையைக் கண்டெடுத்தார். கட்டா குருமா (இங்கே கட்டா என்றால் தோள்) என்ற அந்த வீச்சால் ஃபுகுஷிமாவை வீழ்த்தினார். எங்கிருந்தாலும் எடுத்துக்கொள், பலித்தால் வைத்துக்கொள் என்ற மனநிலைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். சர்வதேச ஜூடோ கூட்டமைப்பு 2010இல் நேரடியாகக் காலைப் பிடித்துத் தாக்குவதைத் தடைசெய்தது. 2013இல் நின்றபடி இடுப்புக்குக் கீழே கைவைப்பதற்கே தண்டனை வந்தது. கானோ கண்டெடுத்த வீச்சை அதன் மூல வடிவில் செய்தால் இன்று ஜூடோ அரங்கில் தண்டனை. ஜூடோ, மல்யுத்தத்திலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும், குனிந்து காலைத் தேடும் ஆட்டம் குறைய வேண்டும் என்பதற்கு அமைப்பாளர்களிடம் காரணங்கள் இருக்கின்றன. ஆயினும் காலைக் காக்கத் தெரியாத ஒரு தலைமுறை கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வளர்கிறது.

உதைகளுக்குப் பேர்போன கொரியக் கலையான டேக்வாண்டோவில் 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் முதல் மின்னணு உடற்கவசம் வந்தது. நடுவரின் பாரபட்சத்தைக் குறைக்க வந்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் உணரி, பாதம் பட்டதை அறிகிறது. அந்த உதை ஓர் ஆளை நிறுத்துமா என்பதை மனிதக் கண் எடைபோடுவதுபோல் அது எடைபோடாது. முன்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, வாட்போட்டிபோல் தொட்டு எடுக்கும் பாணி பரவியது. பிறகு அதைத் தடுக்க விதிகளைத் திருத்த வேண்டிவந்தது.

இவை எல்லாவற்றையும்விட என் மனத்தில் தைத்தது, 2020 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் என்ற பெயரில் 2021இல் நடந்த கராத்தே இறுதிப்போட்டி. 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்கள் பிரிவு. சவூதியின் தாரேக் ஹமீதி முன்னணியில் இருந்தார். அவருடைய உதை கழுத்துப் பகுதியில் பட்டு ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதே மயங்கி விழுந்தார். கட்டுப்பாடின்றி அடித்ததாக ஹமீதி தகுதியிழந்தார். மயங்கியவருக்குத் தங்கம் கிடைத்தது. விதிப்படி அது சரி. கட்டுப்பாடு என்பதும் கராத்தேயின் மதிப்புகளில் ஒன்று, சக வீரரின் உயிர் பெரிது. ஆனாலும் ஒரு கலை தன்னைத்தானே எந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்பதை அந்த மேடையில் உலகமே பார்த்தது.

விதியால் கெட்டதை விதியால் மீட்கவும் முடியும். ஃபாயில் என்ற மெல்லிய குத்துவாள் போட்டியில் வாளைச் சாட்டைபோல் வளைத்து முதுகில் தட்டும் உத்தி பெருகியபோது, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸுக்குப் பின் மின்கருவி பதிவுசெய்யத் தேவையான தொடுநேரத்தைக் கூட்டினார்கள். குத்துவாள் மறுபடியும் குத்தத் தொடங்கியது.

போட்டியே இல்லாத கலைகளில் மூலக் கொள்கை அப்படியே இருக்கிறதா?

அங்கே தேய்வு சத்தமில்லாமல் நடக்கிறது. எதிராளியின் விசையைத் திருப்பிவிடும் ஜப்பானியக் கலையான ஐக்கிடோவை நிறுவிய மோரிஹேய் உயேஷிபா, சோகாகு தகேதாவிடம் டைட்டோ மரபு ஜுஜுட்சு பயின்றவர். 1931இல் அவர் திறந்த கோபுகான் கூடத்துக்கு "நரகக் கூடம்" என்று பெயர், அவ்வளவு கடுமையான பயிற்சி. அங்கு வந்தவர்களில் பலர் ஏற்கெனவே ஜூடோவிலோ கெண்டோவிலோ தேர்ந்தவர்கள். அடியும் குத்தும் அந்தக் காலப் பயிற்சியில் முக்கியமான பங்கு வகித்தன: முதலில் அடி, எதிராளி தடுமாறும்போது மூட்டை முறுக்கும் பூட்டு.

போருக்குப் பிறகு உலகெங்கும் பரவிய வடிவத்தில் பல இடங்களில் அடி மறைந்து, அதற்குரிய கையசைவு மட்டும் நின்றது. மணிக்கட்டைப் பிடிப்பவர் எப்போது விழ வேண்டும் என்று கற்றுக்கொள்கிறார். நன்றாக விழுபவரே நல்ல மாணவர் ஆகிறார். பத்தாண்டு இப்படிப் போனால், வீசியவரும் தன் திறமையால்தான் அவர் விழுந்தார் என்று மனதார நம்பிவிடுவார். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் உண்மை காணாமல் போய்விடுகிறது. கானோவிடமும் உயேஷிபாவிடமும் பயின்ற கென்ஜி டொமிகி, இதற்காகவே ஐக்கிடோவுக்குள் ராண்டோரியைக் கொண்டுவந்தார். அதற்கு எழுந்த எதிர்ப்பு பெரிது.

2017இல் செங்டு நகரில் கலப்புச் சண்டை வீரர் சு சியாவோடாங், மெதுவான அசைவுகளால் ஆன சீனக் கலையான தாய்ச்சியின் ஆசிரியர் ஒருவரைச் சில நொடிகளில் வீழ்த்தினார். அதைப் பார்த்துப் பலர் கைகொட்டினார்கள். எனக்கு அந்த ஆசிரியர்மீது இரக்கம்தான் வந்தது. அவர் திறமையற்றவராக இருந்தார் என்பதைவிட, அத்தனை ஆண்டுகளில் அவரை நேசித்த எவரும் அவரை எதிர்த்துத் தள்ளிப் பார்க்கவில்லை என்பதே அங்கே எனக்குத் தெரிந்தது.

பட்டைகளும் பணமும் காரணமா?

ஓரளவு. 1883இல் கானோ தம் முதல் இரு மாணவர்களுக்கு ஷோடான் என்ற முதல் படித் தகுதி வழங்கியபோது அது வழி தொடங்கியதன் அடையாளம். இன்று பல இடங்களில் அது பயணத்தின் முடிவாக விற்கப்படுகிறது. தேர்வில் தோற்பவர் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிடுவார் என்ற பயம் ஆசிரியருக்கு இருக்கும்போது, தேர்வு ஒரு சடங்காகிவிடும். ஆசிரியர்களும் வாடகை கட்ட வேண்டியவர்கள், அது எனக்குத் தெரியும். குழந்தைகள் வகுப்பை மென்மையாக நடத்துங்கள். பெரியவர்களிடம் அதே வகுப்பைத் தற்காப்பு என்ற பெயரில் நடத்தாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

நிறுவியவர் செய்ததை அப்படியே செய்தால் கலையைக் காப்பாற்றிவிடலாமே?

நிறுவியவர்களில் யாருமே தம் ஆசிரியர் செய்ததை அப்படியே செய்தவர்கள் அல்லர். கானோ மாற்றினார், இடோசு மாற்றினார், உயேஷிபா முதுமையில் தம்மையே மாற்றிக்கொண்டார். புரூஸ் லீ தம் சண்டை முறைக்கு ஜீத் குன் டோ என்று பெயரிட்டதற்கே பின்னாளில் வருந்தியவர். 1970இல் தம் பயிற்சிக்கூடங்களை மூடினார். 1973இல் அவர் மறைந்த பிறகு, அவர் கற்பித்ததைக் கற்பித்தபடியே காப்பதா, அவர் தேடிய வழியில் தேடிக்கொண்டே போவதா என்று மாணவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். இரு தரப்பிலும் அன்பு இருந்தது. நான் இரண்டாம் தரப்புக்காரன். ஆனால் முதல் தரப்பார் பாதுகாக்காவிட்டால், எதிலிருந்து தேடத் தொடங்குவது என்பதே தெரியாமல் போயிருக்கும்.

தேய்ந்த கலை மீண்டதுண்டா?

உண்டு. பிரேசிலின் 1890ஆம் ஆண்டுச் சட்டம், இசையோடு ஆடும் சண்டைக்கலையான கப்போயராவைக் குற்றமாக்கியது. சால்வடாரைச் சேர்ந்த மெஸ்திரே பிம்பா, அது சண்டைக் குணத்தை இழந்து வேடிக்கைக் காட்சியாகிவிட்டது என்று வருந்தினார். தம் தந்தை தேர்ந்திருந்த பட்டூக்கே என்ற மோதல் ஆட்டத்திலிருந்து தட்டிவிடும் உத்திகளைச் சேர்த்து, இருவர் செய்யும் பயிற்சித் தொடர்களை அமைத்து, 1930களில் ஒரு புதிய பாணியை உருவாக்கினார். இசையை அவர் விட்டுவிடவில்லை. அது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நடைமுறைக்குத் திரும்ப அழகைக் கொல்ல வேண்டியதில்லை.

1914இல் பிரேசிலுக்குப் போன கோடோகன் (கானோவின் பயிற்சிக்கூடம்) ஜூடோ வீரர் மிட்சுயோ மயேதாவிடமிருந்து கிரேசி குடும்பம் கற்று, பிரேசிலிய ஜுஜுட்சுவாக வளர்த்ததும் இவ்வகைதான். 1993 நவம்பரில் டென்வரில், வெவ்வேறு கலைஞர்கள் மோதிய முதல் யூ.எஃப்.சி. போட்டியில் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை வென்றபோது, கானோவின் பழைய பாடம் உலகுக்கு மறுபடி நினைவூட்டப்பட்டது. ஆனால் இன்றைய பிரேசிலிய ஜுஜுட்சு போட்டிகளில் தொடக்க மணி அடித்ததும் இருவருமே தரையில் உட்கார்ந்துகொள்ளும் காட்சியைக் காணலாம். குத்து வரக்கூடிய இடத்தில் அப்படி யாரும் உட்காரமாட்டார்கள். முப்பதே ஆண்டுகள்!

நடைமுறைப் பயன் இல்லாவிட்டால் பயிலவே கூடாதா?

தாராளமாகப் பயிலுங்கள். முதியவர் ஒருவருக்குத் தாய்ச்சி தடுமாறாமல் நடக்கக் கற்றுக்கொடுத்தால் அது மகத்தான பயன். நோக்கம் எது என்று ஆசிரியரும் மாணவரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

என் பயிற்சிக்கூடத்தில் அந்தக் கொள்கை உயிரோடு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். வகுப்பில் எந்த உத்தியாவது தோற்கிறதா? தோல்வியே காணாத வகுப்பில் சோதனை நடக்கவில்லை. மூத்த மாணவர் புதியவரிடம் எப்போதாவது மாட்டிக்கொள்கிறாரா, மாட்டிக்கொண்டால் எல்லாரும் சிரித்துவிட்டுத் தொடர்கிறார்களா, இல்லை ஓர் அசௌகரியமான மௌனம் விழுகிறதா? தாக்குபவர் குத்திய கையை நீட்டியபடியே நிறுத்தி வைக்கிறாரா, உடனே பின்னுக்கு இழுக்கிறாரா? நீட்டி நிற்கும் கையை எவரும் பிடித்துவிடலாம். "இது மிகவும் ஆபத்தானது, ஆகவே பழகிப் பார்க்க முடியாது" என்ற வாக்கியம் எத்தனை முறை வருகிறது என்றும் எண்ணுங்கள். கானோ அந்த வாக்கியத்தைக் கேட்டுத்தான் புதுவழி தேடினார்.

ஓடுவது, பேசித் தவிர்ப்பது, நிலைமையை முன்கூட்டியே உணர்வது பற்றி எப்போதாவது பேச்சு வருகிறதா என்பதும் முக்கியம்.

ஆசிரியரிடம் இதைக் கேட்பது மரியாதைக் குறைவாகாதா?

கேட்கும் விதத்தில் இருக்கிறது. வகுப்பின் நடுவே எல்லார் முன்னிலையிலும் வேண்டாம். முடிந்தபின் தனியாகச் சென்று, "நான் கையை விடாமல் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன், மெதுவாக எனக்குச் செய்துகாட்டுவீர்களா?" என்று கேளுங்கள். என் இரண்டாவது ஆசிரியரிடம் அப்படிக் கேட்டபோது அவரால் முதல் முறை முடியவில்லை. இரண்டாம் முறையும் முடியவில்லை. அவர் முகம் மலர்ந்தது. "விடாதே, பிடித்துக்கொள், கண்டுபிடித்துவிடலாம்" என்றார். கூடத்தின் விளக்குகளை அணைக்க ஆள் வரும்வரை நாங்கள் இருவரும் அங்கேயே இருந்தோம்.